ஷோல்டர் பேடை வீட்டிலேயே எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடையின் தோளை உயர்த்திக் காட்ட உள்ளே வைக்கும் திணிப்பான ஷோல்டர் பேட் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தரியை எடுத்து வெட்டிவிட்டால் முடிந்தது அல்லவா?

பேடை எடுப்பது சில நிமிட வேலைதான். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பேட் வைத்துத் தைக்கப்பட்ட உடையில், அந்தப் பேடின் உயரத்துக்கும் சேர்த்தே துணி வெட்டப்பட்டிருக்கும். தோள் முனையை ஒரு சென்டிமீட்டர் தூக்கி வெட்டியிருப்பார்கள். உடையின் கைப்பகுதியின் மேல் வளைவையும் அதற்கு ஏற்பக் கூட்டியிருப்பார்கள். பேட் போய்விட்டாலும் அந்தத் துணி எங்கும் போய்விடாது. தாங்குவதற்கு ஆளில்லாமல் தோளுக்கும் அக்குளுக்கும் நடுவே தொங்கும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது பேடை அல்ல, துணியை. பேட் மெல்லியதாக இருந்து, துணி குழைவாக விழும் ரகமாக இருந்தால் தாராளமாக எடுத்துவிடலாம், பிறகு ஒன்றுமே செய்ய வேண்டியிருக்காது. பேட் தடிமனாகவும் துணி விறைப்பாகவும் இருந்தால் எடுப்பது பாதி வேலை மட்டுமே.

எடுத்தால் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. லைனிங் இல்லாத உடை என்றால் ஒரு பக்கத்துப் பேடை மட்டும் பிரித்து எடுங்கள். உடையை அணிந்துகொண்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். ஒரு தோளில் பேட் இருக்கிறது, மறு தோளில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது எந்த விளக்கமும் தேவைப்படாது. பேட் இல்லாத பக்கத்தில் கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு ஓடுகிறதா, கையின் மேற்பகுதி உள்வாங்கிக் குழி விழுகிறதா, கை மணிக்கட்டைத் தாண்டி இறங்குகிறதா, காலர் கழுத்தை விட்டு விலகுகிறதா என்று கவனியுங்கள். கையைத் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். நின்ற நிலையில் சரியாகத் தெரிவது அசையும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

லைனிங் உள்ள கோட்டில் இப்படிச் சோதிக்க முடியாது. வெளியிலிருந்தே பேடை விரல்களால் பிடித்துப் பார்த்து, கைக்குழி ஓரத்தில், அதாவது உடையின் கை தோளோடு சேரும் வளைவில், அதன் தடிமன் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஓரம் அரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் துணிந்து இறங்கலாம். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் எடுத்த பிறகு மறுதையல் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட் எதற்காக வைக்கிறார்கள்? வெறும் மோஸ்தர்தானா?

மோஸ்தரும் உண்டு, காரணமும் உண்டு. பெண்கள் உடையில் அகன்ற தோள் 1930களில் பரவியது. எல்சா ஸ்கியாபரெல்லி அதைப் பிரபலப்படுத்திய வடிவமைப்பாளர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவச் சீருடையின் சாயல் சாதாரண உடைகளிலும் படிந்தது. பின்னர் 1980களில் பேட் மீண்டும் வந்தது, இந்த முறை அளவு கடந்து. அந்தக் காலத்து உடைகளில் பிளவுஸ், ஸ்வெட்டர், கவுன் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பேட் வைத்த பிளவுஸுக்கு மேல் பேட் வைத்த கோட்டை அணிந்தால் தோள் காதருகே வந்துவிடும். பழைய உடைகள் பலரிடமும் இந்தக் கேள்வியைக் கிளப்புவதற்கு அதுதான் காரணம்.

பேடுக்கு உண்மையான வேலையும் இருக்கிறது. சரிந்த தோளை நிமிர்த்திக் காட்டும். ஒரு தோள் தாழ்ந்திருந்தால் சமன்படுத்தும். கோட்டின் முன்பகுதி மார்பின் மேல் சுருக்கமின்றி விழுவதற்குத் தாங்கலாக இருக்கும்.

பேடை நீக்குவதற்கும் ஒரு வரலாறு உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத் தையற்காரர்கள் பேட் இல்லாத மென்மையான தோளுக்குப் பெயர் பெற்றவர்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜியோ அர்மானி 1970களில் கோட்டின் உள்ளே இருந்த திணிப்பையும் விறைப்புத் துணியையும் குறைத்துப் புகழடைந்தார். ஆனால் இவர்கள் யாரும் தைத்து முடித்த கோட்டிலிருந்து பேடைப் பிடுங்கி எறியவில்லை. பேட் இல்லாத தோளுக்கு ஏற்ப வெட்டையே மாற்றினார்கள். நாம் தலைகீழாக வேலை செய்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

எந்த உடைகளில் கை வைக்காமல் இருப்பது நல்லது?

தோல் உடைகள் முதலில் வரும். தோலில் ஊசி போன இடம் அப்படியே நிற்கும், மறுதையல் போட்டால் பழைய துளை வரிசையும் புதிய துளை வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். உள்ளே கேன்வாஸ் என்ற விறைப்புத் துணி வைத்துக் கையால் தைத்த ஆண்கள் கோட்டிலும் வேண்டாம். அதில் பேட், கேன்வாஸ், காலர், கை எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்து நிற்கும்; ஒன்றை உருவினால் மற்றவை இடம் மாறும். மணி, ஜரிகை வேலை தோள் தையலைத் தாண்டிச் செல்லும் உடைகளும், வாடகைக்கு எடுத்தவையும், திருப்பிக் கொடுக்கக்கூடும் என்று நினைக்கும் புதிய உடைகளும் இந்தக் கணக்கில் சேரும்.

என்னென்ன பொருட்கள் தேவை?

தையல் பிரிக்கும் ரிப்பர், முனை கூரான சிறிய கத்தரி, குண்டூசி, மெல்லிய ஊசி, உடையின் நிறத்தில் நூல், இஸ்திரிப் பெட்டி, ஒரு பருத்தித் துணி. நூல் துணுக்குகளைப் பொறுக்க ஓர் இடுக்கி இருந்தால் வசதி. ரிப்பர் இல்லாமல் பிளேடால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். லைனிங் துணி வழுவழுப்பானது, பிளேடு வழுக்கினால் கிழிசல் நேராக ஓடும். அந்தத் துணிச்சல் வேண்டாம்.

ரிப்பரின் இரண்டு கிளைகளில் ஒன்று நீண்டு கூராக இருக்கும், மற்றொன்று குட்டையாக, முனையில் சிறு குண்டுடன் இருக்கும். தையலைப் பிரிக்கும்போது கூர்முனையை நூலுக்கு அடியில் நுழைத்து, நடுவளைவில் இருக்கும் வெட்டும் பகுதியால் நூலை அறுக்க வேண்டும். மூன்று நான்கு தையலுக்கு ஒன்று அறுத்தால் போதும். மறுபக்கம் திருப்பி நூலை இழுத்தால் மொத்தமாக உருவி வந்துவிடும்.

லைனிங் இல்லாத பிளவுஸிலும் டாப்பிலும் எப்படி எடுப்பது?

இருப்பதிலேயே எளிய வேலை இது. உடையை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, தோளை மேசையில் பரப்புங்கள். பேட் பெரும்பாலும் மூன்று இடங்களில் மட்டுமே பிடித்திருக்கும்: கழுத்துப் பக்கத்து முனை தோள் தையலின் உள்விளிம்போடும், மற்ற இரண்டு முனைகள் கைக்குழியின் முன்னும் பின்னும். பேடை லேசாகத் தூக்கினால் துணிக்கும் பேடுக்கும் நடுவே நூல் ஒரு சிறு பாலமாக நீண்டு தெரியும். அந்தப் பாலத்தின் நடுவில் அறுங்கள். துணியை ஒட்டியும் வேண்டாம், பேடை ஒட்டியும் வேண்டாம். பிறகு துணிப் பக்கம் ஒட்டியிருக்கும் துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவுங்கள். வராத துணுக்கை வலிந்து இழுக்காதீர்கள். மெல்லிய துணியில் இழை சுருங்கிக்கொள்ளும். மறுபக்கத்திலிருந்து தளர்த்திவிட்டு எடுத்தால் வந்துவிடும்.

வெளியே எடுத்த பேடில் எது இடது, எது வலது, எந்த விளிம்பு முன்பக்கம் என்று எழுதிவைத்துவிடுங்கள். மனம் மாறினால் தேவைப்படும்.

பேட் வெல்க்ரோவால் ஒட்டியிருக்கிறது. பேடை எடுத்த பிறகு பட்டை துணியிலேயே நிற்கிறதே?

அந்தப் பட்டையையும் பிரித்துவிடுங்கள். சொரசொரப்பான பக்கம் துணியில் தங்கியிருந்தால் உள்ளே அணியும் உடையையும், துவைக்கும்போது மற்றத் துணிகளையும் கவ்விப் பிய்க்கும். அதை நான்கு பக்கமும் மெஷினில் நெருக்கமாகத் தைத்திருப்பார்கள், எனவே பொறுமை தேவை. பிரஸ் பட்டன் என்றால் அப்படியே விட்டாலும் தொல்லை இல்லை.

பேட் கைக்குழித் தையலோடு சேர்த்து ஓவர்லாக் (துணி விளிம்பு பிரியாதபடி மெஷின் நூலைச் சுற்றிப் போடும் தையல்) செய்யப்பட்டிருக்கிறது. பேடைப் பிரித்தால் கையே கழன்றுவிடுமோ?

பயம் நியாயமானதுதான். மலிவாகத் தைக்கப்படும் உடைகளில் நேரம் மிச்சப்படுத்த இப்படிச் செய்வார்கள். ஓவர்லாக்கைப் பிரிக்காதீர்கள். பேடுக்கு உறைத்துணி இருந்தால் உறையின் நடுவே சிறிதாகக் கீறி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சையோ பஞ்சையோ உருவி எடுங்கள். வெறும் உறை மிஞ்சும். அதைத் தையலிலிருந்து அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடலாம். அந்த அரை சென்டிமீட்டர் வெளியே தெரியாது, கையை இணைக்கும் தையலும் பத்திரமாக இருக்கும். உறை இல்லாத பேட் என்றால் பேடையே தையலுக்கு அருகில் வெட்டிவிட்டு, மீதியை இடுக்கியால் மெல்லப் பிய்த்து எடுங்கள்.

லைனிங் உள்ள கோட்டில் எங்கே பிரிப்பது?

இந்த இடத்தில்தான் பலர் தவறான தையலில் கை வைக்கிறார்கள். தோளுக்கு நேர் மேலே லைனிங்கை வெட்டி உள்ளே போவது குறுக்குவழி போலத் தோன்றும். பிறகு அந்த வெட்டை மூடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தொழிற்சாலையில் தைத்த கோட்டில், தைத்தவர்களே ஒரு வாசல் விட்டிருப்பார்கள். கோட்டையும் லைனிங்கையும் உள்புறமாகச் சேர்த்துத் தைத்துவிட்டு, லைனிங்கில் விட்ட ஓர் இடைவெளி வழியாக மொத்தக் கோட்டையும் வெளியே புரட்டி எடுப்பது அவர்கள் வழக்கம். அந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு கையின் லைனிங்கில் இருக்கும். கையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். லைனிங் தையல் எங்கும் மறைவாக ஓடும். ஓரிடத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு மடிப்பு விளிம்புகளையும் சேர்த்து வைத்து மேலேயே மெஷின் ஓட்டியிருப்பது கண்ணில் படும். அதுதான் வாசல். அந்தத் தையலைப் பிரித்தால் லைனிங்குக்கும் கோட்டுக்கும் நடுவே கை நுழையும்.

உள்ளே கைவிட்டு அந்தப் பக்கத்துத் தோளைப் பிடித்து இடைவெளி வழியாக வெளியே இழுங்கள். மொத்தக் கோட்டும் வந்த வழிதான் அது, தோள் தாராளமாக வரும். மறுபக்கத்துத் தோளுக்கும் அதே வாசல் போதும். முதுகுப் பகுதியில் லைனிங்குக்கும் கோட்டுக்கும் நடுவே குறுக்கே கையை நீட்டி மறுதோளை இழுத்துக்கொள்ளலாம். முதல் பார்வையில் துணி மூட்டையாகத் திரண்டு குழப்பும், அவசரப்படாமல் தோள் தையலைத் தேடினால் வழி தெரிந்துவிடும்.

இரண்டு கைகளிலும் அப்படி ஒரு மேல்தையல் இல்லையென்றால் கோட்டின் அடிமடிப்பைப் பாருங்கள், பக்கவாட்டு லைனிங் தையலையும் பாருங்கள். அங்கும் இல்லாமல், கைக்குழியைச் சுற்றி லைனிங் சின்னச் சின்னச் சாய்வுத் தையல்களால் கையால் தைக்கப்பட்டிருந்தால், கைக்குழியின் மேல்பாதியில் மட்டும் ஒரு சாண் அளவுக்குப் பிரியுங்கள். பிரிக்கத் தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் குண்டூசி குத்தி, ஒரு படம் எடுத்துவைத்தால் மூடும்போது தடுமாற்றம் இருக்காது.

உள்ளே பல தையல்கள் தெரிகின்றன. எதை அறுப்பது, எதை விடுவது?

கையைக் கோட்டோடு இணைக்கும் தையல் நெருக்கமாக, இறுக்கமாக, சிறிய அளவில் இருக்கும். பேடைப் பிடித்திருக்கும் தையல் நீளமாக, தளர்வாக, தையலுக்கென உள்ளே விட்ட ஓரத்துணியை மட்டும் பிடித்துச் செல்லும். சந்தேகம் வந்தால் ஒரு சிறு சோதனை செய்யலாம். சந்தேகத்துக்குரிய நூலை ஊசிமுனையால் லேசாக இழுத்தபடி, கோட்டின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். கையை இணைக்கும் தையல் வரிசை அசைந்தாலோ குழி விழுந்தாலோ அது தொடக்கூடாத நூல். வெளியே எந்த அசைவும் இல்லையென்றால் அறுக்கலாம்.

பேடின் கழுத்துப் பக்கத்து முனை தோள் தையலின் ஓரத்துணியோடு ஒன்றிரண்டு இடத்தில் பிடித்திருக்கும். லைனிங்கிலிருந்து ஒரு சிறு நாடா வந்து பேடோடு தைக்கப்பட்டிருக்கவும் கூடும். அந்த நாடாவை வெட்டி எறியாதீர்கள். பேடிலிருந்து மட்டும் பிரித்து, பின்னர் தோள் தையலின் ஓரத்துணியோடு தைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் கோட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கையின் லைனிங் கூடவே வெளியே வரும்.

பேடுக்குப் பக்கத்தில், கையின் மேல் வளைவுக்குள் நீளமான பட்டை ஒன்று இருக்கிறது. அதையும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம், அதை விட்டுவிடுங்கள். விரல் நீளத்துக்கு மேல் நீண்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் பஞ்சாலோ கம்பளித் துணியாலோ ஆன அந்தப் பட்டைதான் கையின் மேற்பகுதி குழி விழாமல் வளைந்து இறங்க உதவுகிறது. பேடை எடுத்த பிறகு அதன் வேலை இன்னும் கூடும். உங்கள் உடையில் அது இல்லாமல், பேட் போனதும் கையின் தலைப்பகுதி உள்வாங்கினால், பிளானல் போன்ற மென்துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டி, ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை செய்து, கைக்குழி ஓரத்துணியோடு தளர்வாகத் தைத்துவிடலாம். மறுதையல் எதுவும் போடாமல் இந்தப் பட்டையாலேயே ஒழுங்குக்கு வந்துவிடும் கோட்டுகள் உண்டு.

பழைய உடையைப் பிரித்தால் பேட் பொடிப்பொடியாக உதிர்கிறது, சில இடங்களில் பிசுபிசுக்கிறது. என்ன இது?

ஸ்பாஞ்ச் மூப்படைந்துவிட்டது. பாலியூரித்தேன் என்ற அந்தப் பொருள் காற்றின் ஈரத்தாலும் ஆக்சிஜனாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, முதலில் மஞ்சளாகி, பிறகு நொறுங்கும் அல்லது ஒட்டும். இத்தகைய பேடை எடுக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. இருந்தால் லைனிங்கையும் கறைப்படுத்தும்.

பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் பிரியுங்கள். முகக்கவசம் அணிவது நல்லது. பொடியைத் தேய்த்துத் துடைக்க முயன்றால் துணியின் இழைகளுக்குள் போய் அமர்ந்துகொள்ளும். உதறியும், வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியும் முடிந்தவரை எடுத்த பிறகே தண்ணீர் காட்ட வேண்டும். பிசுபிசுப்பு ஒட்டிய இடத்தில் ஒட்டுநாடாவை அழுத்தி அழுத்தி எடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

பேடை எடுத்துவிட்டேன். இப்போது தோள் தொங்குகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

லைனிங் இல்லாத உடையில் முடியும். உடையை உள்புறம் வெளியே தெரியும்படி அணிந்து, இன்னொருவரை அழைத்து, தோள் தையலைக் கைக்குழி முனையில் கிள்ளிப் பிடித்துக் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். கழுத்தோரத்தில் ஒன்றும் பிடிக்கக் கூடாது. அங்கிருந்து தொடங்கி முனையை நோக்கிச் சாய்வாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். கைக்குழி முனையில் முன்துணியில் எவ்வளவு பிடிக்கிறோமோ அதே அளவு பின்துணியிலும் பிடிக்க வேண்டும். அந்த அளவு, எடுத்த பேடின் தடிமனை ஒட்டியே வரும். பேட் ஒரு சென்டிமீட்டர் என்றால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று.

கிள்ளிப் பிடித்த இடத்தை டெய்லர் சாக்கால் (துணியில் அடையாளமிடும் கட்டியால்) ஒரு கோடாகக் குறித்துக்கொண்டு, கையின் மேல்பாதியை மட்டும் கைக்குழியிலிருந்து பிரியுங்கள். தோள் தையலை, குறித்த அந்தக் கோட்டின் மேலேயே தையுங்கள். இப்போது கைக்குழியின் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கும், கையின் சுற்றளவு பழையபடியே இருக்கும். அதனால் கையின் தலைப்பகுதி உச்சியிலும் ஒரு சென்டிமீட்டரைக் குறைத்து, இருபுறமும் சாய்வாக ஒன்றுமில்லாமல் கொண்டுபோய்ச் சேருங்கள். பேடுக்காகக் கூட்டிய உயரம் அதுதான், அதையே கழிக்கிறோம். முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு, அணிந்து பார்த்துவிட்டு மெஷினில் ஓட்டுங்கள். மிச்சத் துணியை வெட்டுவது கடைசி வேலை. இரண்டு முறை அணிந்த பிறகு வெட்டினாலும் குற்றமில்லை.

அணியும்போது கை தூக்க இறுக்கமாக இருக்கிறது என்றால் கைக்குழி மிகவும் சுருங்கிவிட்டது என்று பொருள். தோள் பிடிப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பழைய அகலத் தோள் உடைகளில் இந்தத் தொல்லை அரிது. அவற்றின் கைக்குழிகள் ஏற்கெனவே தாராளமாக இருக்கும்.

தோள் உயரம் அல்ல, அகலம்தான் பிரச்சினை என்றால், அதாவது கையை இணைக்கும் தையல் தோள் எலும்பைத் தாண்டிப் புயத்தில் கிடக்கிறது என்றால், கையை முழுவதும் பிரித்து உள்ளே நகர்த்தித் தைக்க வேண்டும். லைனிங் உள்ள கோட்டில் இதைச் செய்வதற்குத் தையல் பழகிய கை வேண்டும், தையற்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மென்மையான பிளவுஸில் மட்டும் ஒரு தந்திரம் இருக்கிறது. தோள் தையலின் மீது உள்புறமாக ஒரு நூலோட்டம் போட்டு, இழுத்துச் சிறு சுருக்கங்களாக்கி முடிச்சிட்டால், அகலமும் குறையும், பார்ப்பதற்கு வேண்டுமென்றே வைத்த சுருக்கம் போலவும் இருக்கும்.

மொத்தமாக எடுக்காமல் மெல்லியதாக்க முடியாதா?

முடியும். கோட்டைப் பொறுத்தவரை நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். எடுப்பது, விடுவது என்ற இரண்டு முனைகளுக்கு நடுவில் இப்படி ஒன்று இருப்பது ஏனோ பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

பஞ்சால் ஆன பேட் ஒரே கட்டியாக இருப்பதில்லை. அப்பளக் கட்டுபோல அடுக்கடுக்காக இருக்கும்: மேலும் கீழும் விறைப்பான துணியோ அழுத்திய கம்பளியோ, நடுவே அளவு குறைந்துகொண்டே வரும் பஞ்சு அடுக்குகள். ஓரத்துத் தையலை ஒரு பக்கம் பிரித்து, நடு அடுக்குகளில் ஒன்றையோ இரண்டையோ உருவிவிட்டு, மறுபடி தளர்வாகத் தைத்து அதே இடத்தில் வைத்துவிடலாம். ஓரத்து உயரம் குறையும், ஆனால் தோளின் வடிவம் காப்பாற்றப்படும். இரண்டு பேடிலும் ஒரே எண்ணிக்கையில் அடுக்குகளை எடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஸ்பாஞ்ச் பேடை இப்படிப் பிரிக்க முடியாது. கத்தரியால் சீவினால் மேடுபள்ளம் விழுந்து மெல்லிய துணியில் அப்படியே தெரியும். அதற்குப் பதில் அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள புதிய பேடை வாங்கி மாற்றுவது மேல்.

ஊசித் துளைகளும் பேடின் தடமும் துணியில் தெரிகின்றன. போக்குவது எப்படி?

பருத்தியிலும் கம்பளியிலும் துளைகள் போய்விடும். நனைத்துப் பிழிந்த துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் ஒற்றி ஒற்றி எடுத்து, ஆவி அடங்குவதற்குள் நகத்தால் துளையின் குறுக்கே மெல்ல நீவிவிடுங்கள். இழைகள் தம் இடத்துக்குத் திரும்பும். பட்டிலும் சாட்டினிலும் துளைகள் முழுமையாக மறைவது கடினம், தோலில் மறையவே மறையாது.

பேடின் விளிம்புத் தடத்துக்கு ஆவிதான் மருந்து. ஒரு துவாலையை உருட்டித் தோளுக்குள் நுழைத்து, அதன் வளைவின் மேல் இஸ்திரி போடுங்கள். தட்டையான மேசையில் வைத்து அழுத்தினால் தோளில் புதிதாக ஒரு மடிப்புக் கோடு விழும். பாலியெஸ்டருக்கு இளஞ்சூடு போதும், அதிகமானால் பளபளப்பு ஏறிவிடும். வெல்வெட்டின் மேல் பெட்டியை வைக்கவே கூடாது. எதிலும் படாமல் தூரத்திலிருந்து ஆவி காட்டி, அப்படியே தொங்கவிட்டு உலர்த்துங்கள்.

ஸ்வெட்டரில் பேட் எடுத்த பிறகு தோள் நீண்டுகொண்டே போகிறதே?

பின்னல் துணி எடை தாங்காமல் இழுபடுகிறது. ஒரு பருத்தி நாடாவை எடுத்து, தோள் தையலின் ஓரத்துணியோடு கையால் பிடித்துத் தைத்துவிடுங்கள். நாடாவைச் சரியான தோள் நீளத்துக்கு வெட்டி, துணியை அதற்குள் அடக்கித் தைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வைப்பது நல்லது.

எனக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்வு. இரண்டு பேடையும் எடுத்தால் அது தெரியுமா?

தெரிய வாய்ப்பு உண்டு. புத்தகப் பை, கைப்பை என்று ஒரே தோளில் சுமந்து பழகிய பலருக்கும் இப்படி இருக்கும். பேட் இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. உயர்ந்த பக்கத்துப் பேடை முழுவதும் எடுத்துவிட்டு, தாழ்ந்த பக்கத்தில் மெல்லிய பேட் ஒன்றை விட்டுவையுங்கள். வெளியே பார்க்கிறவர்களுக்கு இரண்டு தோளும் ஒரே உயரத்தில் தெரியும்.

பேட் இருக்கட்டும், துவைக்கும்போது மட்டும் எடுத்துவைக்க வேண்டும். வழி என்ன?

பேடுக்கு இரண்டு பிரஸ் பட்டன், தோள் தையலின் ஓரத்துணியில் அவற்றின் இணை. அவ்வளவுதான். ஒன்றைக் கழுத்துப் பக்கமும் இன்னொன்றைக் கைக்குழிப் பக்கமும் வையுங்கள். ஒற்றைப் பட்டனில் பேட் சுழன்றுவிடும். பட்டனைத் தைக்கும்போது ஊசி ஓரத்துணியை மட்டும் பிடிக்கட்டும், வெளித்துணியைத் தொட வேண்டாம். பேடை உடையோடு சேர்த்துத் துவைத்தால் துணி காய்ந்த பிறகும் பேட் ஈரமாகவே இருக்கும், பஞ்சும் திரண்டு ஒரு மூலைக்கு ஒதுங்கும்.

லைனிங்கைத் திரும்ப மூடுவது எப்படி? மெஷின் இல்லை.

கையிலேயே மூடலாம். பிரித்த இரண்டு விளிம்புகளின் பழைய மடிப்புக் கோடு இன்னும் அழியாமல் இருக்கும், அதை நகத்தால் அழுத்தி மீண்டும் மடியுங்கள். குண்டூசியால் சேர்த்துப் பிடித்து, ஊசியை ஒரு மடிப்புக்குள் நுழைத்துச் சிறிது தூரம் ஓட்டி வெளியே எடுத்து, நேர் எதிரே மறு மடிப்புக்குள் நுழையுங்கள். நூல் மடிப்புகளுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மூடுவதற்கு முன் கோட்டை ஒருமுறை அணிந்து பாருங்கள். பேட் போனதால் தோளில் லைனிங் கொஞ்சம் மிஞ்சி நிற்கும். அது உறுத்தினால் தோள் தையலோரமாக ஒரு சிறு மடிப்பாகப் பிடித்துவிட வேண்டும். வாசல் திறந்திருக்கும்போது இது இரண்டு நிமிட வேலை. உள்ளே குண்டூசி ஏதும் தங்கிவிட்டதா என்று தடவிப் பார்த்துவிட்டு, கடைசி முடிச்சைப் போடுங்கள்.

எடுத்த பேடைத் தூக்கி எறியலாமா?

உதிர்ந்துபோன ஸ்பாஞ்சை எறியுங்கள். நல்ல நிலையில் இருப்பதை அந்த உடையை நீங்கள் வைத்திருக்கும்வரை ஓர் உறையில் போட்டு, எந்த உடையுடையது என்று எழுதி வையுங்கள். பின்னாளில் உடையை வேறொருவருக்குக் கொடுக்கும்போது அவருக்குப் பேட் தேவைப்படலாம். தனியாக மிஞ்சிய பஞ்சு பேட் குண்டூசி குத்திவைக்க வசதியானது, குழந்தை உடைகளின் தோள் வளைவை இஸ்திரி போடும்போது உள்ளே வைக்கவும் கச்சிதமாக இருக்கும்.